குழாய் இல்லாத வயலின் போட்டோ

அருள்பாண்டியின் சொட்டுநீர்க் கடைக்கு நேர் எதிரே எங்கள் வீடு. மாடியில் துணி காயப்போடும் கொடி அவர் குடோன் வாசலைப் பார்த்தபடி அமைந்தது கொத்தனாரின் வேலை, என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கொடியில் ஒரு புடவையை உதறி விரிப்பதற்குள், திருமங்கலம் பக்கத்து விவசாயிகளில் யாருக்கு டெல்லியிலிருந்து என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் வரவில்லை என்பதுதான் தெரியும்.

சொட்டுநீர் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. வரிசைக்கு ஒரு கறுப்புக் குழாய், செடிக்கு ஒரு துளை, துளைக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். போர்வெல் தண்ணீர் சுண்டுவிரல் கனம் வந்தாலும் தோட்டம் பிழைத்துக்கொள்ளும். செலவில் ஒரு பங்கு டெல்லி தரும், மீதியைச் சென்னை தரும், சின்ன விவசாயி கையை வீசிக்கொண்டு நின்றால் போதும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் அந்த விவசாயி சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறார். ஆனால் முறை ஒன்று உண்டு. முதலில் பெயரைப் பதிய வேண்டும். அப்புறம் அதிகாரி வந்து, குழாய் எதுவும் இல்லாத வயலில் விவசாயியை நிறுத்திப் போட்டோ எடுப்பார். அந்தப் போட்டோவோடு அது எந்த இடம் என்று காட்டும் செயற்கைக்கோள் கணக்கும் சேர்ந்து மேலே போகும். உத்தரவு வந்த பிறகுதான் குழாய். குழாய் போட்டதும் அதே இடத்தில் இன்னொரு போட்டோ. இந்த வரிசை மாறக் கூடாது. பெண் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளை பிறந்தது மாதிரி ஆகிவிடும் என்பார் என் வீட்டுக்காரர் பசுபதி. மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அரசாங்கக் காகிதத்தின் குணம் அவருக்குத் தெரியும்.

இந்த வரிசையை அருள்பாண்டி ஊருக்கெல்லாம் ஒப்பிப்பார். தவறவிட்டது ஒரே ஓர் ஆளிடம். அது அவருடைய மாமனார்.

மாமனார் நல்லகாமனுக்கு வேலனேந்தலில் ஒன்றரை ஏக்கர் செவல் நிலம். பருத்தி போட்டுப் போட்டு அலுத்துப்போய்க் கடைசியாக ஒரு போர் போட்டார். அரை மணி நேரம் ஓடும், பிறகு காற்றுதான் வரும். அதை நம்பி மல்லிகை போடுவது என்று அவரும் பெண்டாட்டி அன்னக்கொடியும் முடிவெடுத்தார்கள். மல்லி பிடித்தால் ஊரில் இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் டவுனில், செல்லூரில் தறி ஓட்டும் மகன் வீட்டு மொட்டைமாடி அறைக்குப் போய்விட வேண்டியது. மகன் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுக் கட்டிலும் வாங்கித் தயாராக வைத்திருந்தான். அந்தக் கட்டிலை நினைத்தாலே அன்னக்கொடிக்கு மூச்சு முட்டும் என்று அவள் மகள் சத்யப்ரியா சொல்வாள். சத்யப்ரியாதான் அருள்பாண்டியின் மனைவி. என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள், மறைக்க நான் விட்டதும் இல்லை.

ஆடியிலேயே நல்லகாமன் பெயரைப் பதிந்தாயிற்று. அதிகாரி இன்னும் வயலுக்கு வரவில்லை. ஆவணி பிறந்ததும் நல்லகாமன் அவர்கள் குலசாமி கருப்பனிடம் பூக்கட்டிப் பார்க்கப் போனார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை நடலாமா என்று கேட்டார், வெள்ளை வந்தது. நேராகக் கடைக்கு வந்துவிட்டார். நான் அப்போது போர்வை உதறிக்கொண்டிருந்தேன், போர்வை உதற நேரமாகும்.

"மாப்ள, வெள்ளிக்கெழமை நடவு. தங்கச்சிமடத்து நர்சரியில மல்லிச் செடிக்குச் சொல்லியாச்சு. வியாழக்கெழம குழாயப் போட்டுருங்க."

"மாமா, ஆபீசர் இன்னும் வந்து பாக்கலையே. உத்தரவு வரட்டும், ஒரே நாள்ல போட்டுத் தாரேன்."

"உத்தரவு சாமி குடுத்துருச்சு மாப்ள. அதுக்கு மேல யாரு குடுக்கணும்?"

"டெல்லி குடுக்கணும் மாமா."

"டெல்லியென்ன கருப்பனுக்கு அண்ணனா?"

அருள்பாண்டி கல்லாவைப் பார்த்தார், பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்யப்ரியாவைப் பார்த்தார். மாமனார் கேட்டு மாப்பிள்ளை இல்லை என்று சொல்லும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் கிடையாது. வேறு கடையில் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், மாப்பிள்ளை கடை வைத்திருந்தும் மாமனார் அடுத்தவன் வாசலில் நின்றார் என்று வேலனேந்தல் பேசும். வியாழக்கிழமை காலையில் குட்டி யானை வண்டியில் குழாய்ச் சுருள்கள் ஏறின. அதிகாரி வர எப்படியும் ஒரு மாதமாகும், அதற்குள் ஏதாவது வழி செய்துகொள்ளலாம் என்று அருள்பாண்டி கணக்குப் போட்டிருக்க வேண்டும். அரசாங்கம் தாமதமாக வரும் என்று நம்பித்தான் அவர் தொழிலே செய்கிறார்.

அந்த ஒரு தடவை அரசாங்கம் சீக்கிரம் வந்தது.

தமிழ்மாறன் என்கிற இளம் அதிகாரி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சுறுசுறுப்பு இன்னும் போகவில்லை. திங்கட்கிழமையே மோட்டார் சைக்கிளில் வேலனேந்தல் போய் நின்றுவிட்டார். செடிகள் வரிசையாக நிற்கின்றன. காலடியில் கறுப்புக் குழாய். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தட்டளவு ஈரம். நல்லகாமன் பெருமையாக மீசையை ஒதுக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறார்.

"ஐயா, குழாய் கெடக்கே."

"ஆமா தம்பி. நல்லா எடுங்க, தெரியட்டும்."

"தெரியக் கூடாதுங்கய்யா. செடி இருந்தாப் பரவால்ல. குழாய் இருந்தா, நீங்க ஏற்கெனவே போட்டுக்கிட்டீங்கன்னு மேல தள்ளுபடி பண்ணிருவாக."

தமிழ்மாறனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் போட்டோ எடுக்காமலே திரும்பி வந்து, அருள்பாண்டியைக் கடை வாசலுக்கு வெளியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணே, நான் இன்னைக்கு அங்கிட்டுப் போகல. குழாய எடுத்துட்டுச் சொல்லுங்க, நாளைக்கே வாரேன். எடுத்து, போட்டோ ஏத்தி, உத்தரவு வந்ததும் திரும்பப் போட்டுக்கங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல முடிஞ்சுரும்." தாழ்ந்த குரல்தான், ஆனால் எங்கள் தெரு குறுகல்.

எடுப்பது பெரிய வேலை இல்லை, ஒரு காலைப் பொழுது. ஆனால் நல்லகாமன் அசையவில்லை. சாமி சொன்ன நாளில் போட்ட குழாயைச் சாமியைக் கேட்காமல் எப்படி எடுப்பது? கேட்டார். சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டார். சிவப்பு. டெல்லி விதியில் வெள்ளைப் பூ, சிவப்புப் பூவுக்கு இடமில்லை என்று அருள்பாண்டி எடுத்துச் சொன்னார். "அப்ப அந்த விதிய எழுதுனவன் நம்ம பக்கம் வந்து பாத்தது இல்ல" என்றார் மாமனார். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாவது வெள்ளி வெள்ளைப் பூ வந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. எப்படி வந்தது என்பதை அன்று ராத்திரி தாயே மகளிடம் சொல்லிவிட்டாள், மறுநாள் மகள் என்னிடம் சொன்னாள். பொட்டலம் மடிக்கும் பொறுப்பு அன்னக்கொடியுடையது. இரண்டிலும் வெள்ளையை வைத்து மடித்துவிட்டாள்.

"ஆத்தா செஞ்ச காரியத்தப் பாத்தீங்களாக்கா" என்று சத்யப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சாமிக்கே கள்ள ஓட்டா என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

குழாயைச் சுருட்டி எடுத்தார்கள். தமிழ்மாறன் சொன்னபடி வந்தார். செடிகளுக்கு நடுவே நல்லகாமன் மீசையை ஒதுக்காமல் நின்றார். போட்டோ மேலே ஏறியது. குழாய்ச் சுருள்கள் எங்கள் தெருக் குடோனுக்குத் திரும்பி வந்தன. ஆவணி போய்ப் புரட்டாசி. ஒரு நாள் காலையில் பசுபதி செய்தித்தாளை மடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார், முகமெல்லாம் மலர்ச்சி.

"அருள்பாண்டி, உங்க சாமானுக்கு வரி குறைச்சுட்டாங்க. பன்னண்டு சதவீதம் இனிமே அஞ்சு. டெல்லியில முடிவாயிருச்சு."

அருள்பாண்டி மிக்சர் பொட்டலம் வாங்கிவந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அந்த மிக்சர் செரிப்பதற்குள் குழாய்க் கம்பெனியிலிருந்து போன். பழைய வரியில் போட்ட விலைப் பட்டியல் எல்லாம் திரும்பிவிட்டது, புது வரியில் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். எத்தனை விவசாயி என்று நான் கேட்கவில்லை, அவர் முகமே பதில் சொன்னது. எல்லோருடையதையும் மறுபடி ஏற்றினார். நல்லகாமனுடையது வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்தது: விலைப் பட்டியல் புதியது, போட்டோ அதற்கு முந்தியது, ஆகவே புதுப் போட்டோ தேவை.

வரியைக் குறைத்ததற்காக ஒரு மனுஷன் வருத்தப்பட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரையும் திட்டவும் முடியவில்லை. நல்லது செய்தவனை எப்படித் திட்டுவது?

புதுப் போட்டோ எடுக்கத் தமிழ்மாறன் வர வேண்டும். அவரை வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார், எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் காபி கொடுத்துவிட்டு, வேலனேந்தல் எப்போது என்று கேட்டேன்.

"முடிச்சுட்டுப் போயிருவேம்மா. எனக்கும் அது மனசுல கெடக்கு. ஆனா இப்ப நான் எந்த ஆபீஸ் ஆளுன்னே எனக்குத் தெரியல" என்றார். பொய் சொல்லும் பிள்ளை இல்லை.

ஐப்பசியில் டவுனில் சிம்மக்கல் பக்கம் தண்ணீர் தேங்கி ஆட்டோ ஓடவில்லை என்று டிவியில் காட்டினார்கள். வேலனேந்தலில் இரண்டு நாள் தூறியது. கார்த்திகையில் அதுவும் இல்லை. அந்த இரண்டு நாள் தூறலில் செடிகள் துளிர்த்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியாவோடு நானும் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்துவந்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று பசுபதி சொன்னார், சொல்லட்டும். அடர் பச்சையில் சின்னச் சின்ன இலை, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. அன்னக்கொடி ஒரு செடியிலிருந்து ஒற்றை மொட்டைக் கிள்ளி எறிந்தாள். முதல் மொட்டுகளைக் கிள்ளினால்தான் செடி பலக்குமாம். எறிந்ததை மறுபடி குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். "வச்சுக்கங்க அம்மா. வாசனை வரும்." பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அது விரிந்துவிட்டது.

மார்கழியில் தமிழ்மாறன் விடுபட்டு வந்து புதுப் போட்டோ எடுத்தார். மேலே ஏற்றினார். "பரிசீலனையில்" என்று வந்தது. அந்த வார்த்தை தை முழுவதும் மாறவில்லை. அருள்பாண்டி காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு அடுத்ததாகப் போனைத் திறந்து அந்த வார்த்தையைப் பார்ப்பார். மாலையில் ஒரு தடவை பார்ப்பார். டெல்லிப் பங்கு வந்தால்தான் சென்னைப் பங்கு, சென்னை கேட்டால்தான் டெல்லிப் பங்கு என்று கம்பெனிக்காரன் விளக்கினானாம். பசுபதி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு அது புரிந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாசி வெயில் வந்தது. போரில் இருந்து ஓஸ் பிடித்து ஊற்றினால் முதல் நான்கு வரிசைக்கு மேல் தண்ணீர் போவதில்லை. மீதிக்கு அன்னக்கொடி குடத்தில் சுமந்தாள். அரை மணி நேரத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, செடிக்கு ஒரு சொம்பு. நல்லகாமனுக்கு முழங்கால் வலி, அவர் சொம்பு ஊற்றுவார், அவள் சுமப்பாள். ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள். அவள் படியேறி வந்தது அதற்கு முன்பு மகளின் வளைகாப்புக்குத்தான்.

"மாப்ள, குழாயத்தான் இங்கிட்டு சும்மா சுருட்டி வச்சிருக்கீகளே. அதத் திரும்பப் போட்டாத்தான் என்ன?"

"அத்தை, உத்தரவுக்கு முன்னாடி யாராச்சும் வந்து பாத்தாப் போச்சு. இந்தப் பட்டாவுக்கு இனி எப்பவும் கெடைக்காது. எங் கடைப் பேரையும் தூக்கிருவாய்ங்க."

"செடி போயிருமே மாப்ள."

"உத்தரவு வந்துரும் அத்தை. இந்த வாரம்னு சொல்லியிருக்காய்ங்க."

"போன வாரமும் இந்த வாரம்னுதான் சொன்னீக."

அருள்பாண்டி ஒரு சுருள் மேல் கையை வைத்தார். சொந்தப் பொறுப்பில் இரண்டு சுருளைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும். கை சுருள் மேலேயே இருந்தது. ஆனால் அந்தக் கடையை நம்பி வேறு விவசாயிகளும் அதே வார்த்தையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைப் பேர் போனால் அவர்கள் விண்ணப்பமும் அதோடு போகும். கையை எடுத்துவிட்டார்.

அன்னக்கொடி அதற்கு மேல் கெஞ்சவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டெல்லியில உக்காந்துக்கிட்டு விதி போடுறவனுக்கு ஒங்க குடம் தெரியுதா" என்று ஆரம்பித்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"டெல்லிக்காரன் என்ன செய்வான் அம்மா. அவன் என்னையப் பாத்தானா, நான் அவனப் பாத்தேனா. எல்லாம் நான் செஞ்சது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எம் மக ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாளே. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையப் போட்டேன். கருப்பன் ரெண்டு வெள்ளிக்கெழமை வேணாம்னு சொன்னான், கேக்கல. குழாய எடுக்காம விட்டிருந்தா மானியம் போயிருக்கும், செடி நின்னுருக்கும்ல."

குழாயை எடுத்திருக்காவிட்டால் செடி நின்றிருக்கும் என்பது கணக்குப்படி சரி. கருப்பன் சொன்னதும் கணக்குப்படி சரி. வரி, விலைப் பட்டியல், போட்டோ, வாக்காளர் பட்டியல் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். செய்தவர் யாரென்று தெரியாத குற்றத்தைவிட, தன் கையால் செய்த குற்றம் அவளுக்குச் சுலபமாகப் புரிந்தது. யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவாவது முடியுமே. வெள்ளிதோறும் கருப்பனுக்குத் தேங்காய் உடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் பரிசீலனை இல்லை, தேங்காய் உடனே உடைந்தது.

பங்குனியில் நிதியாண்டு முடிந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அருள்பாண்டி கடை வாசலில் நின்று பேசினார். முடிந்ததும் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னார். பழைய ஆண்டில் உத்தரவு வராதவை எல்லாம் தானாகவே மூடிக்கொண்டன. புது ஆண்டுக்குப் புது நெறிமுறை டெல்லியிலிருந்து வர வேண்டும். வந்தாலும், வரப்போகிற சட்டசபைத் தேர்தல் முடியும்வரை சென்னையில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. பிறகு பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும். பிறகு போட்டோ.

"இனிமே குழாயப் போட்டா யாரும் கேக்க மாட்டாகல்ல?" என்றாள் சத்யப்ரியா. விண்ணப்பமே இல்லை, விதி எங்கே?

அன்றே குட்டி யானை வண்டியில் சுருள்களை ஏற்றினார்கள். நானும் முன்சீட்டில் சத்யப்ரியாவோடு ஒண்டிக்கொண்டேன். வீட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று பசுபதியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வயலில் செடி நின்றது, உயிர்தான் இல்லை. போருக்குப் பக்கத்து வரிசைகளில் மட்டும் நுனியில் கொஞ்சம் பச்சை. மற்றதெல்லாம் தொட்டால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. அருள்பாண்டி ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார், அடுத்ததைக் கிள்ளிப் பார்த்தார், அடித்தண்டில் ஈரம் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். வரிசை முழுக்கக் கீறிக்கொண்டே போனார். நல்லகாமன் வரப்பிலிருந்து கூப்பிட்டார்.

"போதும் மாப்ள. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்."

வயலுக்கு அந்தப் பக்கம் ஆட்டுக் கூட்டம் நின்றது. கமுதிப் பக்கத்திலிருந்து கோடையில் கிடை போட வரும் பேயாண்டி, கம்பை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அறுத்த வயல்களில் ஆட்டை அடைத்தால் நிலத்துக்கு எரு. இந்த வயலில் அறுக்க ஒன்றுமில்லை.

"அண்ணே, செடி நிக்கிதே. ஆடு கடிச்சுப் போடுமே" என்றார் பேயாண்டி.

"கடிக்கட்டும்."

"வேரோட புடுங்கிட்டுச் சொல்லுங்க, நாளைக்குக் கூட வாரேன்."

"புடுங்க ஆளு கூலி யாரு குடுக்குறது? ஆடு செய்யட்டும்ப்பா. அடைச்சுக்க." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, ஏதோ விருந்துக்கு வந்தவரிடம் பேசுவது போலச் சொன்னார். "இருந்து சாப்ட்டுப் போங்க மாப்ள. வண்டிக்காரத் தம்பியையும் கூப்புடுங்க. அப்புறம் செல்லூருக்கு எந்த நாள் நல்ல நாள்னு பாக்கணும். அந்தக் கட்டில் வேற சும்மா கெடக்காம்."

பேயாண்டி ஒரு சத்தம் கொடுத்தார். ஆடுகள் வரப்பைத் தாண்டி இறங்கின. முதலில் பச்சை இருந்த நான்கு வரிசைக்குத்தான் போயின, ஆட்டுக்குத் தெரியாதா. சத்யப்ரியா வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். 

அன்னக்கொடி போர் மேட்டில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேயாண்டியிடம் கேட்டாள்.

"எங்கிட்டு இருந்துப்பா நடத்திக்கிட்டு வாரீக?"

"நேத்துக் காரியாபட்டியில இருந்து கெளம்புனோம் ஆத்தா."

"வழியில தண்ணி காட்டுனீகளா?"

"கம்மாயெல்லாம் காஞ்சு கெடக்கு ஆத்தா. எங்கிட்டுக் காட்ட?"

அவள் சுவிட்சைப் போட்டாள். போர் இருமி இருமித் தண்ணீரைத் தள்ளியது. அருள்பாண்டி போய் ஓஸைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டார். ஆடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்து முகம் புதைத்தன. அரை மணி நேரத்துக்குள் எத்தனை ஆடு குடித்துவிடும் என்று பேயாண்டிக்குச் சந்தேகம். பின்னால் நின்ற குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் விட்டுக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி.